மட்டி, சிப்பி, நத்தை, நண்டு: எந்தத் தண்ணீரில் வாழ்ந்தது?

மீன் கடையில் மட்டியோ நண்டோ வாங்கும்போது விலை கேட்போம், இன்று வந்ததா என்று கேட்போம். எந்தத் தண்ணீரில் பிடித்தது என்று பெரும்பாலும் கேட்பதில்லை. மீன் வாங்கும்போது அதைக் கேட்காவிட்டாலும் பாதகமில்லை. ஓடுள்ள உயிர்களிடம் முதலில் கேட்க வேண்டியதே அதுதான். அந்த உயிர் எப்படி வாழ்கிறது, வீட்டுத் தொட்டியில் தாங்குமா, சாப்பிடலாமா என்ற மூன்று கேள்விக்கும் பதில் அதில்தான் இருக்கிறது.

ஓடுள்ளவை எல்லாம் ஒரே குடும்பம் அல்ல. மட்டி, சிப்பி, நத்தை, சங்கு ஆகியவை மெல்லுடலிகள். எலும்பில்லாத மெத்தென்ற உடலைச் சுற்றிச் சுண்ணாம்பால் வீடு கட்டிக்கொள்பவை. மட்டிக்கும் சிப்பிக்கும் இரண்டு ஓடு, நத்தைக்கும் சங்குக்கும் சுருண்ட ஒரே ஓடு. நண்டும் இறாலும் வேறு கூட்டம். பூச்சிகளுக்குத் தூரத்து உறவு. மட்டி தன் ஓட்டின் விளிம்பில் சுண்ணாம்பு சேர்த்துச் சேர்த்தே பெரிதாகிறது. அதனால்தான் மட்டி ஓட்டின் மேல் வளையம் வளையமாகக் கோடுகள் தெரிகின்றன. நண்டால் அப்படி முடியாது. வளர வேண்டுமானால் பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது போர்த்திக்கொள்ள வேண்டும். ஓடு மாற்றிய புதிதில் பிடிபட்ட நண்டின் உள்ளே சதையைவிடத் தண்ணீர்தான் அதிகம் இருக்கும். பெரிதாக இருக்கிறதே என்று வாங்கி வந்து ஏமாறுவது இப்படித்தான். கையில் எடுத்தால் கனக்க வேண்டும், வயிற்றுப் பக்கம் அழுத்தினால் அமுங்கக் கூடாது.

சரி, தண்ணீருக்கு வருவோம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். ஆறு, குளம், ஏரித் தண்ணீரில் அரை கிராம்கூட இருக்காது. மெல்லிய தோலின் இரு பக்கமும் உப்பின் அளவு வேறுவேறாக இருந்தால், உப்பு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்குத் தண்ணீர் ஊடுருவும். கடல் மட்டியின் உடலுக்குள் இருக்கும் உப்பு ஏறக்குறைய கடலின் அளவேதான். அதைக் குளத்தில் போட்டால் தண்ணீர் உள்ளே பாய்ந்து செல்கள் ஊதிப்போகும். குளத்து மட்டியின் நிலை வேறு. அதன் உடலில் உப்பு மிகக் குறைவு, ஆனாலும் வெளித் தண்ணீரைவிடச் சற்றுக் கூடுதல். உள்ளே வந்துகொண்டே இருக்கும் தண்ணீரை அதன் கழிவு உறுப்பு நாள் முழுக்க வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. கடலில் போட்டால் அது வற்றிச் சாகும்.

இரண்டுக்கும் நடுவே இருக்கும் கழிமுகமும் காயலும்தான் உண்மையில் சுவாரசியமான இடங்கள். பழவேற்காடு, முட்டுக்காடு, வெள்ளாற்று முகம் போன்ற இடங்களில் கோடையில் உப்பு ஏறும், மழைக்காலத்தில் இறங்கும். அங்கே வாழும் மட்டி இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பழகியது. திடீரென்று வெள்ளம் வந்து தண்ணீர் இனித்துவிட்டால் ஓட்டை இறுக மூடிக்கொண்டு காத்திருக்கும். வெள்ளம் வடியாமல் நாள் கணக்கில் நின்றால் மூச்சும் உணவும் இல்லாமல் கூட்டம் கூட்டமாகச் செத்துப்போகும்.

கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலில் கறுத்த கக்கா என்று ஒரு மட்டி உண்டு. பெரும்பாலும் நன்னீரிலும் தாக்குப்பிடிக்கும், ஆனால் இனப்பெருக்கத்துக்கு ஓரளவு உப்பு வேண்டும். குட்டநாட்டு நெல் வயல்களுக்குள் உப்புநீர் ஏறாமல் இருக்கத் தண்ணீர்முக்கத்தில் தடுப்பணை கட்டினார்கள். நெல்லுக்கு நல்லது. அணைக்குத் தெற்கே உள்ள கக்காவுக்கு வேண்டிய நேரத்தில் உப்பு கிடைக்காமல் போனது.

நீல நிறக் கால்கள் நீண்ட ஆற்று இறாலைப் பார்த்திருப்பீர்கள், ஸ்கேம்பி என்று விற்பார்கள். நன்னீர் இறால்தான். ஆனால் அதன் குஞ்சுகள் நன்னீரில் பிழைக்காது. முட்டை சுமந்த தாய் இறால் ஆற்றோடு கீழிறங்கிக் கழிமுகத்துக்குப் போகும்; குஞ்சு அங்கே வளர்ந்து மறுபடி ஆற்றில் ஏறும். நடுவில் அணை கட்டினால் வழி அடைபடும். பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காடுகளின் சேற்றில் வாழும் பெரிய களி நண்டு இன்னும் தூரம் போகும். அதன் பெண் நண்டு முட்டை பொரிக்கக் கடலுக்குப் போகிறது. நம் வயல் நண்டு எங்கும் போவதில்லை. குஞ்சுகள் சின்னஞ்சிறு நண்டாகவே பொரிந்து, தாயின் வயிற்று மடிப்புக்குள் சில காலம் இருந்துவிட்டு வயலிலேயே இறங்கிவிடும்.

குளத்து மட்டியின் பிள்ளைப் பருவம் இன்னும் விசித்திரமானது. ஆற்று நீரோட்டத்தில் குஞ்சுகள் அடித்துச் செல்லப்பட்டுக் கடலில் போய்ச் சேர்ந்தால் கதை முடிந்தது. அதனால் அவை மீன் மேல் ஏறிக்கொள்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும் அந்தக் குஞ்சு, மீனின் செவுளிலோ துடுப்பிலோ கொக்கி போட்டதுபோல் பற்றிக்கொண்டு சில வாரங்கள் ஒட்டுண்ணியாக வாழும். வளர்ந்ததும் மீனைவிட்டு இறங்கி, விழுந்த இடத்துச் சேற்றில் புதையும். அதிகம் நகராத மட்டி ஆற்றின் மேல்பகுதிவரை பரவியிருப்பது மீன்களின் தயவில்தான். மீன் அழிந்த குளத்தில் பெரிய மட்டிகள் மட்டும் கொஞ்ச காலம் இருக்கும், குஞ்சு இருக்காது. குளம் நன்றாக இருக்கிறது என்று அவற்றைப் பார்த்து முடிவு செய்துவிட முடியாது.

இந்தக் குளத்து மட்டியைச் சாப்பிடலாமா? சாப்பிடலாம், கிழக்கு இந்தியாவிலும் வடகிழக்கிலும் சாப்பிடுகிறார்கள். சதை ரப்பர்போல் இழுக்கும், சேற்று வாடையும் இருக்கும். வாத்துக்கும் இறாலுக்கும் தீனியாகப் போடுவது அதிகம். இந்த மட்டிக்குள் கரு எனப்படும் சிறு மணியை வைத்து முத்து விளைவிக்கும் முறையைப் புவனேசுவரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் உருவாக்கிப் பயிற்சியும் தருகிறது. இந்தியாவில் கடல் முத்துச் சிப்பியில் இதை முதலில் செய்து காட்டியது தூத்துக்குடியில், 1973இல், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள். முத்துச் சிப்பிகள் வாழும் திட்டுகளான மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களுக்குப் பக்கத்திலேயே அது நடந்தது பொருத்தம்தான்.

நன்னீரில் நம்மவர்கள் ருசித்துச் சாப்பிடுவது நத்தையைத்தான். டெல்டா மாவட்டங்களில் மழைக்குப் பிறகு வயலிலும் வாய்க்காலிலும் பொறுக்கி விற்பார்கள். மூலத்துக்கு நல்லது என்ற நம்பிக்கையும் சேர்ந்து விலையை ஏற்றிவிடும். அந்த நம்பிக்கை எப்படியோ, புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதில் நிறைய உண்டு. பெரிய உருண்டையான அந்த நத்தைக்குச் செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. தண்ணீரில் உயிர்வளி குறைந்தால் மேலே வந்து குழாய்போல் ஓர் உறுப்பை நீட்டிக் காற்றை இழுத்துக்கொள்ளும். கோடையில் குளம் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து, வாயில் இருக்கும் மூடியை இறுகச் சாத்திக்கொண்டு மழை வரும்வரை தூங்கும்.

கடலில் இடத்துக்கு ஏற்ற வேலை. மணலிலும் சேற்றிலும் வாழும் மட்டி, நாக்குபோன்ற காலால் குழி தோண்டிப் புதைந்து, மூச்சுக்கும் உணவுக்கும் இரண்டு குழாய்களை மட்டும் வெளியே நீட்டும். கல்லுமக்காய் பாறையில் நார் கட்டி ஒட்டிக்கொள்ளும், அலை எவ்வளவு அடித்தாலும் விடாது. கன்னியாகுமரி, குளச்சல் தொடங்கி விழிஞ்சம்வரை உள்ள பாறைகளில் பழுப்பு நிறக் கல்லுமக்காயை மூழ்கிப் பெயர்த்து எடுக்கிறார்கள். அதற்கு வடக்கே கேரளக் கடற்கரையில் பச்சை நிறம் அதிகம். ஹோட்டல் மெனுவில் ஆயிஸ்டர் என்று வரும் சிப்பி சிமெண்ட்டில் பதித்ததுபோல் ஒரு ஓட்டைப் பாறையோடு ஒட்டிவிடும். ஆயுள் முழுக்க அதே இடம்தான். பெரும்பாலும் ஆணாகத் தொடங்கிப் பிறகு பெண்ணாக மாறும் என்பது கூடுதல் தகவல்.

ஓரிடத்தில் உட்கார்ந்தபடி எப்படிச் சாப்பிடுகின்றன? வடிகட்டித்தான். மட்டியும் சிப்பியும் தண்ணீரை இழுத்துச் செவுள் வழியாக அனுப்பி, அதில் மிதக்கும் நுண்பாசியையும் துகள்களையும் பிடித்து விழுங்கும். அமெரிக்கக் கிழக்குக் கரையின் ஆயிஸ்டர் ஒன்று, சூழல் சாதகமாக இருந்தால், ஒரு நாளில் 190 லிட்டர்வரை வடிகட்டும் என்பார்கள். நல்ல தண்ணீரில் இருந்தால் அது சத்து. தண்ணீரில் சாக்கடை கலந்தால் கிருமி, ஆலைக் கழிவு கலந்தால் ஈயமும் காட்மியமும், நச்சுப்பாசி பெருகினால் நஞ்சு. எல்லாம் மட்டியின் உடம்பில் சேரும், மட்டிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பார்ப்பதற்குக் கொழுகொழுவென்றுதான் இருக்கும். மீனில் குடலை எடுத்து எறிந்துவிடுகிறோம். மட்டியைக் குடலோடு முழுதாகச் சாப்பிடுகிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது.

இது பயமுறுத்தச் சொல்வதல்ல, நடந்திருக்கிறது. 1981இல் கல்பாக்கம் பக்கத்து வயலூரில் கழிமுக மட்டி சாப்பிட்ட 85 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், 3 பேர் இறந்தார்கள். 1997இல் விழிஞ்சத்தில் கல்லுமக்காய் சாப்பிட்டவர்களில் 7 பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைக்குப் போனார்கள். இரண்டுக்கும் காரணம் ஒருவகை நுண்பாசியிலிருந்து மட்டியில் சேரும், நரம்பைச் செயலிழக்க வைக்கும் நஞ்சு. இதில் மோசமான விஷயம், கொதிக்க வைத்தாலும் அது அழியாது. மணமும் ருசியும் மாறாது. சாப்பிட்ட அரை மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உதடும் நாக்கும் மரத்துப்போகும், விரல் நுனிகளில் ஊசி குத்துவதுபோல் இருக்கும். முற்றினால் மூச்சுத் தசைகள் நின்றுவிடும். மாற்று மருந்து கிடையாது, செயற்கைச் சுவாசம் கொடுத்து உடம்பு நஞ்சை வெளியேற்றும்வரை தாங்கிப் பிடிக்க வேண்டியதுதான். ஆகவே உதடு மரத்தால் மோர் குடித்துவிட்டுப் படுக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடலோ காயலோ சிவப்பாகவோ பழுப்பாகவோ நிறம் மாறியிருக்கும் நாட்களில், மீன்கள் செத்து ஒதுங்கும் நாட்களில் மட்டி பக்கமே போகாதீர்கள். ஆனால் தண்ணீர் தெளிவாக இருந்தாலே பாதுகாப்பு என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. அந்தப் பகுதியில் யாருக்காவது மட்டி ஒத்துக்கொள்ளவில்லை என்று செய்தி வந்தால் அதை நம்புவதே நல்லது.

கிருமி விஷயம் வேறு மாதிரி. அது வெப்பத்துக்குச் சாகும், ஆனால் நன்றாக வேக வேண்டும். 1988இல் சீனத்தின் ஷாங்காய் நகரில், சாக்கடை கலந்த நீரிலிருந்து வந்த மட்டியை அரைவேக்காட்டில் சாப்பிட்டதால் சுமார் 3 லட்சம் பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. நம் ஊரில் மட்டியைப் பச்சையாகச் சாப்பிடும் பழக்கம் இல்லை என்பது ஒரு பெரிய பாதுகாப்பு. நட்சத்திர ஹோட்டலில் எலுமிச்சை பிழிந்து தரும் பச்சை ஆயிஸ்டரைச் சாப்பிடுவது அவரவர் விருப்பம். ஆனால் எலுமிச்சை கிருமியைக் கொல்லாது என்று தெரிந்துகொண்டு சாப்பிடுங்கள். கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தொடவே கூடாது; சூடான கடல்களில் பெருகும் விப்ரியோ வகைக் கிருமி ஈரல் பழுதானவர்களின் உயிரையே எடுத்துவிடும்.

நன்னீர் வகைகளில் பயப்பட வேண்டியது ஒட்டுண்ணிக்கு. வேகாத நன்னீர் நண்டு வழியாக நுரையீரல் புழு மனிதனுக்கு வரும். மணிப்பூர், நாகாலாந்து பக்கம் இந்த நோய் உண்டு, இருமலில் ரத்தம் வருவதால் காசநோய் என்று தவறாக நினைப்பதும் உண்டு. வேகாத நத்தையிலிருந்து வரும் இன்னொரு புழு மூளை உறையில் அழற்சியை ஏற்படுத்தும். குழம்பாகக் கொதித்தால் இரண்டும் செத்துவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: ரசத்துக்குப் பச்சை நண்டை இடித்த உரலிலேயோ மிக்ஸியிலேயோ கழுவாமல் சட்னி அரைக்காதீர்கள். கொதித்த ரசம் சுத்தம், உரல் சுத்தமில்லை.

ஒவ்வாமை தனிக் கதை. இறால், நண்டின் சதையில் இருக்கும் ஒரு புரதம்தான் முக்கியக் காரணம், அது வேகவைத்தாலும் போகாது. இறால் ஒத்துக்கொள்ளாதவருக்கு நண்டும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாது. மட்டி சிலருக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. வீட்டில் சோதித்துப் பார்ப்பதைவிட மருத்துவரிடம் சோதிப்பது மேல்.

வாங்கும்போது மட்டி உயிரோடு இருக்க வேண்டும். வாய் லேசாகத் திறந்திருந்தால் தட்டிப் பாருங்கள், மூடிக்கொண்டால் உயிர் இருக்கிறது. மூடாததையும் ஓடு உடைந்ததையும் எறிந்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பைப் தண்ணீரில் ஊறப்போடுவது பலர் செய்யும் தவறு. கடல் மட்டி அதில் செத்துவிடும், மேலே சொன்ன உப்புக் கணக்குதான். லிட்டருக்கு 30 கிராம் அளவில் கல்லுப்பு கரைத்த தண்ணீரில் சில மணி நேரம் வைத்தால் தானே மணலைத் துப்பிவிடும். கழிமுக மட்டிக்கு உப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். நத்தைக்கு நல்ல தண்ணீரே போதும், ஒரு ராத்திரி விட்டு இரண்டு மூன்று முறை தண்ணீரை மாற்றுங்கள். பாத்திரத்தை மூடிவைக்க மறந்தால் காலையில் சமையலறைச் சுவரில் தேட வேண்டிவரும். உடனே சமைக்காவிட்டால் மட்டியை ஈரத்துணி போர்த்தி ஃபிரிட்ஜில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டினால் மூச்சுமுட்டிச் சாகும்.

மணல் துப்ப வைப்பது நஞ்சை நீக்கும் வழி அல்ல. வளர்ப்புப் பண்ணைகளில் சிப்பியைச் சுத்தப்படுத்திய கடல்நீரில் ஒரு நாளுக்கும் மேல் வைத்துக் கிருமியைக் குறைப்பார்கள். அதிலும் உலோகமும் பாசி நஞ்சும் எளிதில் போகாது. சமைக்கும்போது கொதிக்கும் தண்ணீரில் போட்டு, ஓடு திறந்த பிறகும் மூன்று முதல் ஐந்து நிமிடம் கொதிக்கவிட வேண்டும். கடைசிவரை திறக்காததைச் சாப்பிட வேண்டாம். அப்புறம் தேங்காய் அரைத்த குழம்போ மிளகு வறுவலோ உங்கள் விருப்பம்.

தொட்டியில் வளர்க்க ஆசைப்படுபவர்களுக்கு என் யோசனை: நத்தையும் குட்டி இறாலும் சரி, மட்டி வேண்டாம். தொட்டித் தண்ணீரை மட்டி சுத்தமாக்கும் என்று சொல்லி விற்பார்கள். வீட்டுத் தொட்டியின் தெளிந்த தண்ணீரில் வடிகட்ட அதற்குப் போதிய உணவு கிடையாது. வாரக்கணக்கில் பட்டினி கிடந்து மணலுக்குள்ளேயே செத்து, அழுகி, அம்மோனியா ஏறி மீன்களையும் கொல்லும். வெளியே ஒன்றும் தெரியாது, அதுதான் சிக்கல்.

நத்தைக்கு வேண்டியவை கொஞ்சம்தான். குளோரின் போகும்படி ஒரு நாள் திறந்துவைத்த தண்ணீர், அமிலத்தன்மை இல்லாத நீர், சுண்ணாம்புச் சத்து. தண்ணீர் அமிலமானால் ஓடு வெளுத்துக் கரையத் தொடங்கும். ஒரு துண்டு கணவாய் ஓடோ கிளிஞ்சலோ போட்டுவைத்தால் தேவை தீர்ந்தது. மேலே வந்து மூச்சு வாங்கத் தண்ணீருக்கும் மூடிக்கும் இடையே கொஞ்சம் இடம் விடுங்கள். மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்தால் கடைக்காரர் தரும் மருந்தில் தாமிரம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மீன் பிழைக்கும், நத்தையும் இறாலும் செத்துவிடும். கடல்நீர்த் தொட்டி தொடக்கநிலையாளருக்கு இல்லை. ஆவியாகும் தண்ணீருக்கு ஏற்ப உப்பு ஏறிக்கொண்டே இருக்கும், தினமும் கவனிக்க வேண்டும்.

கடற்கரையில் உயிரோடு கிடைத்ததையெல்லாம் தொட்டிக்கு எடுத்து வராதீர்கள். கூம்பு வடிவ ஓடுள்ள சில நத்தைகள் நச்சு ஊசியால் குத்தும், அதனால் மனிதர்கள் இறந்ததும் உண்டு. ராட்சத மட்டி, நாட்டிலஸ் என்ற சுருள் ஓட்டு உயிர் போன்றவற்றை எடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

வளர்த்தது வேண்டாமென்று குளத்திலோ ஏரியிலோ கொண்டுபோய் விடுவதும் கூடாது. இடம் மாறிய மட்டி என்ன செய்யும் என்பதை எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் மீனவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பக் கடற்கரைகளைச் சேர்ந்த ஒரு சிறு கல்லுமக்காய் வகை, கப்பல்களோடு வந்திருக்க வேண்டும் என்கிறார்கள், அங்கே படுகைமேல் பாய் விரித்ததுபோல் படர்ந்துவிட்டது. காக்கா ஆழி என்று மீனவர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அடியில் புதைந்து வாழும் மஞ்ச மட்டிக்கு மூச்சுவிட இடமில்லை, இறால் மேயச் சேறு இல்லை. கையால் தடவி இறால் பிடிப்பவர்களின் கையையும் காலையும் அதன் ஓடு கிழிக்கிறது. அள்ளிச் சாப்பிட்டே தீர்த்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வேறு தண்ணீராக இருந்தால் நல்ல யோசனைதான். எண்ணூரோ அனல்மின் நிலையச் சாம்பல் ஆண்டுக்கணக்கில் கலந்த கழிமுகம், 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் படர்ந்த கழிமுகம். படுகையிலிருந்து தோண்டி அகற்றுவதுதான் இப்போதைக்குப் பேசப்படும் வழி.